முயல் வேட்டையில் சிக்கியவர் வனக்காப்பாளர் ஆகலாமா?

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து 22 வயது இளைஞர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல் படித்தவர். உயிரியல் எடுக்கவில்லை. பிறகு பி.ஏ. தமிழ் சேர்ந்து முடித்திருக்கிறார். ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லாமே தமிழ் வழி. சின்ன வயதிலிருந்தே ரேஞ்சர், அதாவது வனச்சரக அலுவலர், ஆக வேண்டும் என்று ஆசை. 17 வயதில், அதாவது 5 ஆண்டுகளுக்கு முன்பு, தாய்மாமனோடும் இரண்டு நண்பர்களோடும் ஊர் ஓடையோரம் முயல் பிடிக்கப் போய் வனத்துறையிடம் சிக்கியிருக்கிறார். ஓர் இரவு முழுக்க அலுவலக பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, மறுநாள் ஆளுக்கு 10,000 ரூபாய் கட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. அப்போது கொடுத்த ரசீது இப்போது எங்கே என்று தெரியவில்லை.

"அது காடே இல்லை, புறம்போக்கு ஓடை. அங்கே வனத்துறைக்கு என்ன வேலை? அந்த விஷயத்தை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மறைத்துவிடலாமா? டிகிரி இருப்பதால் நேராக ரேஞ்சர் தேர்வு எழுதலாமா? பக்கத்து டவுனில் ஒரு நிறுவனம் 35,000 ரூபாய்க்கு 'வன உயிரினக் குற்றத் தடுப்பு அதிகாரி' என்று 6 மாதப் பயிற்சியும் அடையாள அட்டையும் தருகிறது, சேரலாமா?" என்று கேட்டிருக்கிறார். யானை பயத்தில் அம்மா இந்த வேலையே வேண்டாம் என்கிறாராம். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: "மாமா இன்னும் விலங்குக்குச் சுருக்குக் கம்பி வைத்துக்கொண்டுதான் இருக்கிறார். காட்டைக் காக்கப் போகிறவன் முதலில் மாமாவைக் காட்டிக்கொடுக்க வேண்டுமா?"

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடைசி வரி இரண்டு நாளாக என்னை விடவில்லை. அதற்குக் கடைசியிலேயே வருகிறேன். நீங்கள் கேட்ட மற்ற கேள்விகளுக்குச் சட்டத்திலும் தேர்வு விதிகளிலும் பதில் இருக்கிறது. அந்த ஒன்றுக்கு மட்டும் நீங்களும் நானும் சேர்ந்துதான் பதில் தேட வேண்டும்.

ரேஞ்சர் கனவும் உங்கள் பட்டமும்

எந்த டிகிரி இருந்தாலும் ரேஞ்சர் ஆகலாம் என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி இல்லை. தமிழ்நாட்டில் வனச்சரக அலுவலர் வேலைக்கு நேரடியாகப் போகும் வழி, டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 6 தேர்வு. அந்தப் பதவிக்கு வனத் தொழில் பழகுநர் என்று பெயர். வனவியல், அல்லது தாவரவியல், விலங்கியல், வேதியியல், பொறியியல் என்று அறிவிக்கையில் பட்டியலிட்ட அறிவியல் துறைகளில் ஒன்றில் பட்டம் வேண்டும். உதவி வனப்பாதுகாவலருக்கான குரூப் 1ஏ தேர்வும், மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இந்திய வனப் பணித் தேர்வும் இப்படித்தான். பி.ஏ. தமிழ் இவை எதற்கும் செல்லாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தேர்வுகளுக்கென்று இரண்டு வருடம் படித்துவிட்டு, விண்ணப்பத்தில் நிராகரிக்கப்பட்டு வந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இன்னொரு கதவு உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. வனக்காப்பாளர் பதவிக்கு டிகிரி தேவையில்லை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், தாவரவியல், விலங்கியல் இவற்றில் ஏதாவது ஒன்றைப் பாடமாகப் படித்துத் தேறியிருக்க வேண்டும். உயிரியல் படிக்காததால் தகுதி போய்விட்டது என்று நீங்களாகவே முடிவு செய்திருக்கிறீர்கள். போகவில்லை. உங்களிடம் இயற்பியலும் இருக்கிறது, வேதியியலும் இருக்கிறது. வனக்காவலர் பதவிக்குப் பத்தாம் வகுப்பே போதும். (இரண்டு பெயரும் ஒன்றுபோல ஒலிப்பதால் பலர் குழம்புகிறார்கள். வனக்காவலருக்கு மேல் நிலை வனக்காப்பாளர், அதற்கு மேல் வனவர், அப்புறம்தான் ரேஞ்சர்.) வனக்காப்பாளராகச் சேர்ந்தவர் பதவி உயர்வில் வனவராகி, பிறகு ரேஞ்சராகவும் வரலாம். வருடங்கள் பிடிக்கும். ஆனால் அப்படி வந்த ரேஞ்சருக்குத் தன் சரகத்தின் ஒவ்வொரு ஓடையும் கால் பழகியிருக்கும்.

முன்பு இந்தப் பதவிகளுக்கு வனத்துறையின் தனித் தேர்வுக் குழுமம் ஆள் எடுத்தது. 2024-லிருந்து இவை டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குள் வந்துவிட்டன. 3 மணி நேரம், 200 கேள்விகள், 300 மதிப்பெண். இதில் சரிபாதி, அதாவது 100 கேள்விகள், 150 மதிப்பெண் தமிழுக்கு. தமிழில் 60 எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். பி.ஏ. தமிழ் வீண் என்று எழுதியிருந்தீர்களே, லட்சக்கணக்கான பேர் மோதும் இந்தத் தேர்வில் உங்கள் பலமே அதுதான். மீதி 75 கேள்விகள் பொது அறிவு, 25 கேள்விகள் கணக்கு. பிளஸ் டூவில் கணிதம் படித்தவருக்கு அந்த 25-ஐ விட்டுக்கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

இன்னொன்று, முழுக்கத் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்ததற்கான சான்றிதழ்களைப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் இப்போதே வாங்கி வையுங்கள். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்த பிறகு தலைமையாசிரியரைத் தேடிக்கொண்டு ஓடுவது பெரிய வேதனை. வயது வரம்பு சமூகப் பிரிவைப் பொறுத்து மாறும். அதை அந்தந்த அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடை

எழுத்துத் தேர்வுக்குப் பிறகு உடல் தகுதி பார்ப்பார்கள். ஆண்களுக்கு உயரம் 163 செ.மீ., பெண்களுக்கு 150 செ.மீ. பழங்குடியினருக்குத் தளர்வு உண்டு. ஆண்களுக்கு மார்பு 79 செ.மீ. இருந்து, மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். அப்புறம் நடை: ஆண்கள் 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர், பெண்கள் 16 கிலோமீட்டர்.

"நடைதானே, தினமும் நடக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டரை 9 நிமிடம் 36 நொடியில் கடக்க வேண்டும், அதுவும் 25 தடவை, இடையில் உட்காராமல். சாதாரணமாக நடப்பவர் மணிக்கு 5 கிலோமீட்டர் போவார். அந்த வேகத்தில் 4 மணி நேரம் முடியும்போது இன்னும் 5 கிலோமீட்டர் பாக்கி இருக்கும். முதல் 10 கிலோமீட்டரை ஓடிவிட்டுப் பதினெட்டாவது கிலோமீட்டரில் தொடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். வாரத்தில் இரண்டு நாள் வெயில் ஏறும் முன் கடிகாரத்தோடு கிளம்புங்கள். 8 கிலோமீட்டரில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். தேர்வன்று போடப்போகும் ஷூவிலேயே பழகுங்கள்.

17 வயதில் கட்டிய பணம்

முதலில் உங்கள் வாதத்தைத் திருத்திவிடுகிறேன். புறம்போக்காக இருந்தாலும், உங்கள் சொந்தப் பட்டா நிலமாகவே இருந்தாலும், பாதுகாக்கப்பட்ட காட்டு விலங்கை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான். சட்டம் பார்ப்பது விலங்கை, நிலத்தை அல்ல. சரணாலயத்துக்குள் நடந்தால் தண்டனை கூடும், அவ்வளவுதான். கம்பி வைப்பது, பொறி வைப்பது, பிடிக்க முயல்வது எல்லாமே அந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் அடங்கும்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருவோம். அந்தச் சட்டம் காட்டு விலங்குகளைப் பாதுகாப்பின் அளவுப்படி அட்டவணைகளாகப் பிரிக்கிறது. முயல் அன்று குறைந்த பாதுகாப்புள்ள நான்காம் அட்டவணையில் இருந்தது. குறைந்தபட்சச் சிறைத் தண்டனை இல்லாத அப்படிப்பட்ட குற்றங்களை 54-ஆம் பிரிவின்படி பணம் கட்டி இணக்கமாக முடிக்கலாம். அப்போது அதற்கு உச்ச வரம்பு 25,000 ரூபாய். 2022 திருத்தம் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த பிறகு அது 5 லட்சம். இணக்கம் ஆகிவிட்டால் மேல் நடவடிக்கை கிடையாது. அது நீதிமன்றம் தந்த தண்டனை அல்ல. "தண்டிக்கப்பட்டவன்" என்று கடிதம் முழுக்க உங்களை நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள். சட்டத்தின் கண்ணில் நீங்கள் தண்டிக்கப்பட்டவர் இல்லை.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. உங்களுக்கு அப்போது 18 ஆகவில்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, அந்தச் சட்டப்படி விசாரிக்கப்பட்ட சிறார் மேல், செய்த குற்றத்தின் பேரில் பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் ஒட்டக் கூடாது என்கிறது. சொல்லப்போனால் உங்களை இரவு முழுக்க பெஞ்சில் உட்கார வைத்ததே தவறு. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோயிருக்க வேண்டும். குழுமத்தின் முன் போகாமலே விஷயம் முடிந்ததால் 24-ஆம் பிரிவு உங்களுக்கு அப்படியே பொருந்தாது என்று யாராவது வாதிடலாம். ஆனால் சிறாருக்குப் புதிய தொடக்கம் வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளிலேயே எழுதியிருக்கிறது. அந்த வாதத்துக்கு இது போதுமான பதில்.

அப்படியானால் மறைத்துவிடலாமா? கூடாது தம்பி. இந்த இடத்தில்தான் பலர் வேலையை இழக்கிறார்கள். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வேலைக்கு வருபவர் தன் மேல் இருந்த வழக்கு பற்றிக் கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்ன பிறகு, சின்ன வயதில் நடந்த சிறு குற்றத்தை அரசு பொருட்படுத்தாமல் விடலாம். அதே நேரம், கேட்காத விஷயத்தைச் சொல்லவில்லை என்று யாரையும் தண்டிக்கவும் முடியாது. ஆக, படிவத்தில் உள்ள கேள்வியைச் சொல் சொல்லாகப் படியுங்கள். "நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்பதுதான் உண்மையான பதில். "எப்போதாவது வழக்குப் பதிவாகியிருக்கிறதா, கைது செய்யப்பட்டீர்களா, இணக்கக் கட்டணம் கட்டினீர்களா?" என்று கேட்டால் "ஆம்" என்று எழுதி, தனித்தாளில் நாலு வரி சேருங்கள்: தேதி, உங்கள் வயது, 54-ஆம் பிரிவில் முடிந்தது, அதன் பிறகு எந்த வழக்கும் இல்லை. பள்ளிச் சான்றிதழ் நகலை வயதுக்கு ஆதாரமாக வையுங்கள். இப்படிச் சொன்ன பிறகும் அரசு உங்களை வேண்டாம் என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த முடிவை எதிர்த்து நீதிமன்றம் போக உங்களுக்குக் கால் ஊன்ற இடம் இருக்கும். மறைத்து மாட்டினால் அந்த இடம் இருக்காது.

இத்தனைக்கும் அடிப்படை அந்தக் காகிதம். 54-ஆம் பிரிவில் இணக்கம் செய்ய அதிகாரம் தரப்படும் வன அலுவலர் துணை வனப்பாதுகாவலர் நிலைக்குக் குறையக் கூடாது. ரேஞ்சர் தானாகவே முடித்துவிட முடியாது. அதனால் அன்று எழுதப்பட்டது இணக்க ஆணையா, வெறும் ரசீதா, எந்தப் பிரிவில், யார் கையெழுத்தில் என்று தெரிய வேண்டும். மாவட்ட வன அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் பெயரில் எந்தப் பதிவும் இல்லை என்று பதில் வந்தாலும் அதைப் பத்திரமாக வையுங்கள். அதுவும் ஒரு ஆவணம்தான்.

அடையாள அட்டை விற்கும் நிறுவனம்

அந்த 35,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். வன உயிரினக் குற்றத்தைத் தடுக்கும் அதிகாரம் எந்தத் தனியார் சான்றிதழிலிருந்தும் வராது. சட்டத்தின் 50-ஆம் பிரிவு சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் கைது செய்யவும் யாருக்கு அதிகாரம் என்று சொல்கிறது: வன உயிரினப் பாதுகாப்பு இயக்குநர், தலைமை வன உயிரினக் காப்பாளர், அவர்கள் அதிகாரம் அளித்தவர்கள், எந்த ஒரு வன அலுவலரும், உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத போலீஸ் அதிகாரியும். அரசாங்கமே நியமிக்கும் கௌரவ வன உயிரினக் காப்பாளர்கள் உண்டு. அந்தப் பதவியைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

வன உயிரினக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகம் என்று ஓர் அமைப்பு நிஜமாகவே இருக்கிறது. மத்திய அரசின் சட்டப்பூர்வ அமைப்பு அது. 2007-இல் தொடங்கியது, சென்னையிலும் அலுவலகம் உண்டு. அந்தப் பெயரைப் போலவே ஒலிக்கும் பெயரை வைத்துக்கொண்டுதான் இந்த நிறுவனங்கள் பிழைக்கின்றன. அவர்கள் தரும் அட்டையைக் காட்டி யாருடைய வண்டியையாவது நிறுத்தினீர்கள் என்றால், அரசு ஊழியராக ஆள்மாறாட்டம் செய்த குற்றம் உங்கள் மேல் வரும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 204-ஆம் பிரிவில் அதற்குக் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. சீருடைக்கு ஆசைப்பட்டு அதற்கான தகுதியையே தொலைத்துவிடுவீர்கள்.

ஆறா, எட்டா?

தகுதி என்றால் தேர்வும் நடையும் மட்டும் இல்லை. என் வழக்குக்காக நீதிமன்றத்தில் காத்திருந்த ஒரு நாள் பார்த்ததைச் சொல்கிறேன். காட்டுப்பன்றி வேட்டை வழக்கு. சாட்சிக் கூண்டில் ஓர் இளம் வனக்காப்பாளர், சீருடைக் கஞ்சி மடிப்புக் கலையாமல் நிற்கிறார். மேசையில் சாக்குப் பை. எதிர்த்தரப்பு வக்கீல் அதிலிருந்து சுருக்குக் கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணினார். எட்டு. பறிமுதல் செய்த இடத்திலேயே எழுதும் மகஜரில் இருந்தது ஆறு. "ஆறா, எட்டா தம்பி?" என்று அமைதியாகத்தான் கேட்டார். காப்பாளருக்கு வியர்த்துவிட்டது. அடுத்த கேள்வி நேரம் பற்றி. காட்டுக்குள் மகஜர் எழுதியது காலை 5.30 என்று இருக்கிறது. அதே 5.30-க்கு அவர் அலுவலகத்தில் வாக்குமூலம் வாங்கியதாக இன்னொரு தாள் சொல்கிறது. கம்பிகளில் சீட்டும் இல்லை, அரக்கு முத்திரையும் இல்லை. ராத்திரி முழுக்கப் பனியில் பதுங்கிக் கிடந்து ஆளைப் பிடித்தவர்தான் அவர். அது பொய்யில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. வழக்கு நிற்கவில்லை.

இந்த வேலைக்குத் தைரியத்தைவிட அதிகம் வேண்டியது, பார்த்ததைப் பார்த்தபடி, எண்ணியதை எண்ணியபடி, அதே இடத்தில் உட்கார்ந்து எழுதுகிற கை. எந்த மரம், எந்தத் திசை, எத்தனை கம்பி, எத்தனை மணி. 2024 ஜூலையிலிருந்து அமலில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுப்பதும் கட்டாயம். பிடித்த ஆளையும் பொருளையும் தாமதிக்காமல் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி, தினமும் ஒரு பக்கம் உங்கள் ஊரைச் சுற்றிப் பார்த்ததை நேரத்தோடும் எண்ணிக்கையோடும் எழுதிப் பழகுங்கள். தமிழ் படித்தவருக்கு இது வரும்.

அதோடு, யாரைப் பிடிக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, காட்டை நம்பி வாழும் மக்களுக்குத் தேன், கிழங்கு, மூங்கில், மூலிகை போன்ற சிறு வனப் பொருட்களைச் சேகரிக்கவும், ஆடு மாடு மேய்க்கவும் உரிமை உண்டு. வேட்டைக்கு அதில் இடம் கிடையாது. தேன் சட்டியோடு இறங்கி வரும் கிழவரையும் சுருக்குக் கம்பியோடு வருகிறவரையும் ஒரே மாதிரி நிறுத்தி வைக்கிற காப்பாளர் சட்டம் தெரியாதவர்.

தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1992 ஜூனில் சந்தன மரத்தைத் தேடி என்று சொல்லி அந்த மலைக் கிராமத்துக்குள் போன வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த் துறையினரும் 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள். 2011-இல் உயிரோடு இருந்த 215 அரசு ஊழியர்களும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீங்கள் போடப்போகும் சீருடையின் வரலாற்றில் இதுவும் உண்டு. 17 வயதில் நீங்கள் உட்கார்ந்திருந்த அந்த பெஞ்சை மறந்துவிடாதீர்கள். நாளைக்கு அங்கே வேறொரு பையன் உட்கார்ந்திருப்பான், நீங்கள் மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பீர்கள்.

வேறு வழிகள்

குரூப் 4 எழுதும்போது அதே தேர்வில் கிராம நிர்வாக அலுவலர் பதவியும் இருக்கிறது. காடு மட்டும்தான் பொது நிலம் என்று இல்லை. ஓடை, ஏரி, மேய்ச்சல் புறம்போக்கு எல்லாமே அரசு நிலம். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் பி மெமோ என்னும் ஆக்கிரமிப்பு அறிக்கை போடும் வேலை வி.ஏ.ஓ.விடமிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் ஓடை நாளைக்கு ஓடையாகவே இருக்குமா என்பது பாதி அவர் கையில் இருக்கிறது. போலீஸ் உதவி ஆய்வாளர் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். 50-ஆம் பிரிவின் அதிகாரம் அவருக்கும் உண்டு என்று மேலே சொன்னேன். மூன்றாண்டு சட்டப் படிப்பும் உங்கள் டிகிரிக்குத் திறந்திருக்கிறது. ஆனால் கடிதத்தைப் படித்தவரை, நீங்கள் காட்டுக்குள் நடக்க ஆசைப்படுகிறவர். குரூப் 4-ஐயே முதலில் குறி வையுங்கள்.

தேர்வானால் வைகை அணையில் உள்ள வனவியல் பயிற்சிக் கல்லூரி போன்ற இடத்தில் பயிற்சி இருக்கும். பிறகு எங்கே போடுவார்கள் என்று சொல்ல முடியாது. மலைதான் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பிச்சாவரத்துச் சதுப்பு நிலமும் வனத்துறைதான். மன்னார் வளைகுடாவில் படகில் போய்க் கடல் அட்டை கடத்தலைப் பிடிப்பதும் வனத்துறைதான். நீச்சல் தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பயத்தைச் சும்மா பயம் என்று ஒதுக்காதீர்கள். யானையால் உயிர்விட்ட முன்களப் பணியாளர்கள் இருக்கிறார்கள். இரவு ரோந்து, காட்டுத் தீ, யானையை ஊரிலிருந்து விரட்டப் போவது, எல்லாமே ஆபத்துதான். "ஒன்றும் ஆகாது" என்று அம்மாவிடம் பொய் சொல்லாதீர்கள். உங்கள் பகுதியில் பணியில் இருக்கும் ஒரு காப்பாளரின் வீட்டுக்கு அம்மாவை ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வீட்டு அம்மா சொல்வதை உங்கள் அம்மா கேட்கட்டும். அப்புறம் அவர் வேண்டாம் என்றாலும் அது விவரம் தெரிந்து சொன்னதாக இருக்கும். நீங்களும் விவரம் தெரிந்து முடிவு எடுப்பீர்கள்.

மாமாவின் கம்பி

சரி, மாமாவுக்கு வருவோம். இன்றைக்கு நீங்கள் அரசு ஊழியர் இல்லை. அலுவலகத்துக்குப் போய் அவரைக் காட்டிக்கொடுத்தால்தான் உங்களுக்குத் தகுதி வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்தும் ஒன்றும் பேசாமல் இருப்பதையும் நான் ஏற்க மாட்டேன். கறியில் பங்கு வாங்குவது, கம்பி கட்ட உடன் போவது, இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள். 18 வயதுக்கு மேல் இன்னொரு முறை சிக்கினால் நான் மேலே எழுதியது எதுவும் உங்களுக்கு உதவாது.

மாமா எதற்குக் கம்பி வைக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: பன்றி கடலைக்காட்டைத் தோண்டிப் போட்டுவிடுகிறது. பழைய பைக் கிளட்ச் ஒயரைச் சுருக்காக்கி வேலிச் சந்தில் கட்டுகிறார். அந்தச் சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. உங்கள் மலையடிவாரத்தில் சிறுத்தை நடமாட்டம் உண்டு என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சிறுத்தை மிக அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது. அது மாட்டினால் குறைந்தது 3 ஆண்டு, 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். பணம் கட்டி முடித்துக்கொள்ளும் வழி அதில் கிடையாது. "பன்றிக்குத்தான் வைத்தேன்" என்று அவர் நீதிமன்றத்தில் சொல்லிப் பயனில்லை. இதை அவரிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். மிரட்டலாகச் சொல்லாமல், அவரைக் காப்பாற்ற வந்தவராகச் சொல்லுங்கள். காட்டு விலங்கால் பயிர் சேதமானால் அரசு இழப்பீடு உண்டு. சேதமான வயலைப் போட்டோ எடுத்து, சரக அலுவலகத்துக்கு மனு எழுதி, அவர் கூடவே போய்க் கொடுங்கள். அவருக்கு எழுதத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

நாளை நீங்கள் சீருடை போட்ட பிறகு நிலைமை வேறு. அப்போது உங்கள் பீட்டில், அதாவது உங்கள் காவல் பகுதியில், அவர் கம்பி இருந்தால் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. சொந்தக்காரர் என்பதை மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து, அந்த வழக்கை வேறொருவர் கையாளச் செய்ய வேண்டும். முடிந்தால் சொந்த ஊருக்கு வெளியே பணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாள் வராமல் இருக்க, மாமாவிடம் பேச உங்களுக்கு இப்போது நேரம் இருக்கிறது. அவர் வேலியிலிருந்து கம்பியை அவிழ்க்கும்போது நீங்களும் உடன் இருங்கள்.

தகவல் அறியும் மனுவுக்கு என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். ஆணையில் என்ன பிரிவு போட்டிருக்கிறது என்று பார்த்த பிறகு படிவத்தில் எப்படி எழுதுவது என்று வரிக்கு வரி சொல்கிறேன். மாமா என்ன சொன்னார் என்பதையும் அதோடு சேர்த்து எழுதுங்கள்.